எந்த வருஷத்துச் செவலை?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு பார்ப்பது எனக்குப் பகல் வேலை. சாயந்திரமானால் குதிரைகளுக்கு நிறம் கொடுப்பேன். பிளாஸ்டிக் மாதிரியான ரெசினில் வந்த, வண்ணமே இல்லாத குதிரைப் பொம்மையை வாங்கி, ஒருவர் தன் வீட்டில் வளர்க்கிற குறிப்பிட்ட ஒரு குதிரையாகவே அதை மாற்றித் தருவது. மேனி நிறம், நெற்றிச் சுட்டி, சுழி, குளம்பு எல்லாம் அந்தக் குதிரையுடையதாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பெரிய கூட்டமே உண்டு. சிகாகோவில் ப்ரேயர் என்ற கம்பெனி 1950இல் ஒரு மேசைக் கடிகாரத்தோடு நிற்க வைக்க பிளாஸ்டிக் குதிரை ஒன்றைச் செய்தது. ஜனங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையைக் கேட்க ஆரம்பித்தார்கள். அசலில் ஒன்பதில் ஒரு பங்கு என்று அவர்கள் பிரபலமாக்கிய அளவில்தான் நானும் செய்கிறேன்.

நம் பக்கம் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் ஒரு தடவை அந்தியூருக்குப் போய்ப் பார்க்கலாம். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் கத்தியவார், மார்வார், நுக்ரா என்று பல ரகக் குதிரைகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். மேளத்துக்குக் குதிரை கால் மாற்றி ஆடும்போது சொந்தக்காரர் முகத்தைப் பாருங்கள். பெற்ற பிள்ளை மேடையேறியது போல நிற்பார். அங்கே பழக்கமான ஒருவர் சொல்லித்தான் இந்த வேலை வந்தது.

கேட்டவருக்குக் காங்கேயம் பக்கம் தோட்டமும் அரிசி ஆலையும். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் கண்ணாடி அலமாரி வருகிறது, அதில் தன் குதிரை நிற்க வேண்டும், பால் காய்ச்சுவதற்குள் வேண்டும் என்றார். நான் போயிருந்தபோது அவருடைய அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோயலுக்கு வெக்கற உருவாரமா கண்ணு?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலை ஒட்டி மாடு கன்று உருவாரம், அதாவது மண் பொம்மை, வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. ஆனால் உருவாரம் எந்த மாடாகவும் இருக்கலாம், சாமிக்குத் தெரியும். அலமாரியில் நிற்கப்போவதைப் பார்த்து அவர் மகன் "இது நம்முளுதுதான்" என்று சொல்லியாக வேண்டும். சிரமம் முழுக்க அந்த இடத்தில்தான்.

முதலில் போனில் இருக்கும் படங்களை அனுப்பச் சொன்னேன். வந்தன. ஒன்றில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு இளங்குதிரை. இன்னொன்றில் உடம்பெங்கும் வட்டம் வட்டமாக வெளிச்சப் புள்ளி விழுந்த சாம்பல் குதிரை. கடைசியில் ஏறக்குறைய வெள்ளை.

"ஏனுங்ணா, மூணு குதிரைங்களா?"

"ஒண்ணுதான் அம்மணி. எல்லாமே நம்ம செவலைதான்."

வாங்கியபோது இருந்த நிறத்தை வைத்துப் பேர் வைத்துவிட்டார்கள். குதிரை அதற்குக் கட்டுப்படவில்லை. வெளுக்கிற ரகக் குதிரை பழுப்பாகவோ கருப்பாகவோ பிறந்து, வருஷா வருஷம் வெள்ளை மயிர் கூடிக்கொண்டே போகும். முகம் சீக்கிரம் வெளுக்கும், கால்தான் கடைசியாக வெளுக்கும். நடுவில் சில வருஷம்தான் அந்த வட்டங்கள். மயிர் எவ்வளவு வெளுத்தாலும் உள்ளே தோல் கருப்பாகவே இருக்கும். நுக்ரா அப்படியில்லை, அது பிறவியிலேயே வெள்ளை, தோலும் இளஞ்சிவப்பு. இரண்டும் வெள்ளைக் குதிரைதானே என்று ஒரே மாதிரி அடித்தால் குதிரை வைத்திருப்பவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். மூக்கையும் கண் ஓரத்தையும் பார்த்தாலே போதும். இதை அந்த அண்ணனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாசம் போல ஆனதும் சாம்பல் மயிலையாவதைப் பார்த்து வளர்ந்தவர்.

ஆகவே நான் கேட்ட முதல் கேள்வி, எந்த வருஷத்துச் செவலை வேண்டும் என்பதுதான். அளவு, விலை, தேதி எல்லாம் அப்புறம். அவர் யோசிக்காமல், "ஆடுச்சில்லீங்க அந்தியூர்ல, அந்த வருஷம்" என்றார். அதாவது நடுவில் இருக்கும் வட்டம் விழுந்த செவலை. அந்த வருஷப் படங்களோ பழைய போனில் எடுத்தவை. கூட்டம், புழுதி, குறுக்கே நாலு பேர் கை. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டால் நேரில் போய்விடுவது நல்லது. இன்றைய குதிரையில் நிறம்தான் மாறியிருக்கும். உடற்கட்டும் அடையாளங்களும் எங்கேயும் போகாது. ஒரு காலையில் போய்ப் படம் எடுத்தேன். இதற்கு நான் வைத்திருக்கிற முறை எளிது. குதிரையைச் சமதரையில் நாலு காலும் தெரிய நிறுத்தி, நிழலில், இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என்று எடுக்க வேண்டும். போனை நம் முகத்துக்கு நேரே பிடிக்காமல் குதிரையின் வயிற்று உயரத்துக்கு இறக்க வேண்டும். கிட்டே நின்று எடுத்தால் தலை பெருத்துப் பின்னங்கால் சிறுத்துவிடும். தள்ளிப்போய் நின்று கொஞ்சம் ஜூம் செய்தால் உடம்பு உடம்பாக வரும். மேனியை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றியிருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். அப்புறம் நாலு குளம்பும் தனித்தனியாக, இரண்டு கண்ணும் தனித்தனியாக, காது முன்னாலிருந்து.

எல்லாம் எடுத்து முடித்த பிறகும் சுட்டி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் முழுக்க வெள்ளை. நெற்றியில் சுட்டி உண்டு, பின்னங்கால் ஒன்றில் வெள்ளை உண்டு என்று அண்ணன் சொல்கிறார். எவ்வளவு பெரிசு, எந்த வடிவம் என்றால் இரண்டு விரலை விரித்துக் காட்டுகிறார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான், "கழுவுனா தெரியுமுங்க" என்றான். மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பைத் தலையில் பிடித்தான். மயிர் நனைந்து தோலோடு ஒட்டியதும் நெற்றியில் கருந்தோலுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒன்று தெளிந்து வந்தது. மேலே அகலம், கீழே இடப்பக்கமாகச் சாய்ந்து ஒரு வால். பிறக்கும்போதே வெள்ளையாக இருந்த இடத்துக்கு அடியில் தோலுக்கும் கருப்பு கிடையாது. அதனால் மேலே எல்லாம் ஒரே வெள்ளையானாலும் அடியில் சுட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பின்னங்காலுக்கும் தண்ணீர் விட்டோம். இடது காலில் கணுவுக்குக் கொஞ்சம் மேலே வரை சிவந்த தோல், அதன் மேல் விளிம்பு வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் குளம்பு மட்டும் வெளிர் நிறம், மற்ற மூன்றும் கருப்பு. வெள்ளைக் குதிரை கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் தண்ணீரை ஊற்றுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள வழி இந்த வேலையில் இல்லை.

அந்தக் கால் ஏன் முக்கியமென்றால், நாம் செய்யப்போகும் வருஷத்தில் மற்ற மூன்று காலும் இருட்டாக இருந்திருக்கும். அப்போது அந்த ஒரு கால் பளிச்சென்று தெரிந்திருக்கும். இன்றைய படத்தைப் பார்த்தால் நாலும் வெள்ளை, அன்றைய படத்தில் நாலும் புழுதி. நனைந்த தோல் ஒன்றுதான் சாட்சி.

குளிப்பாட்டும்போதுதான் சுழியும் கண்ணில் பட்டது. கழுத்தின் வலப்பக்கம், நடுவில், மயிர் நீரோட்டத்தில் சுழல் விழுவது போல ஒரு சுற்று. "அதை மட்டும் விட்றாதீங்க அம்மணி" என்றார் அண்ணன். மாட்டுச் சந்தையில் ராஜசுழி, பாடைச்சுழி என்று தடவிப் பார்த்து விலை பேசுகிற மாதிரிதான் குதிரைக்கும். ஆகாத சுழி என்று சந்தையில் நாலு பேர் ஒதுக்கியதால்தான் செவலை அவர் கைக்கு எட்டுகிற விலைக்கு வந்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை. பக்கத்தில் நின்ற அக்கா, அவர் மனைவி, எதுவும் பேசவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உருவத்தைத் தேடினேன். செவலை 60 அங்குலம், சென்டிமீட்டரில் 152. ஒன்பதில் ஒன்று 17 சென்டிமீட்டர் போல வரும். அந்த உயரத்தில் கால் மாற்றி நிற்கிற குதிரை ஒன்றின் 3டி பிரின்ட் ஃபைலை வாங்கி, கோயமுத்தூரில் ரெசினில் அச்செடுத்தேன். விற்பதற்குச் செய்யலாம் என்ற அனுமதியோடு வரும் ஃபைலைத்தான் வாங்க வேண்டும். சிற்பம் செய்தவர் உழைப்பும் உழைப்புதானே. காது மட்டும் நேரானது. செவலை மாதிரி மார்வாரி ரத்தமுள்ள குதிரைக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். பழைய காதை அரைவாசி ராவிவிட்டு, மெல்லிய கம்பி நட்டு, எம்-சீல் வைத்து இழுத்தேன். அது சீக்கிரம் இறுகும், ஆகவே பட்டாணி அளவுக்கு மேல் ஒரு தடவைக்குப் பிசைய வேண்டாம். ஈரப் பல்குச்சியால் நீவினால் விரல் ரேகை விழாது.

அச்சுக் கோடுகளை வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். ரெசின் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து பிரைமர். பிரைமர் அடித்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன கோடெல்லாம் தெரியும். சோம்பல்படாமல் மறுபடி தேய்த்துவிடுங்கள், மேலே ஏறும் எந்த நிறமும் அதை மறைக்காது.

இனி என் பகல் வேலை கை கொடுக்கும் இடம். பட்டறையில் எந்த ஷேடும் ஒப்புதல் இல்லாமல் மெஷினுக்குப் போகாது. ஏ, பி, சி என்று மூன்று துண்டு சாயம் போட்டு அனுப்புவோம், வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றது. குதிரைக்கும் அப்படியே செய்கிறேன், துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன். ஸ்பூனின் முதுகு குதிரையின் விலாவைப் போலவே வளைந்திருப்பதால் வெளிச்சம் விழுவதும் ஒத்துவரும். சாம்பல் என்றதும் கருப்பையும் வெள்ளையையும் கலக்கக் கூடாது. நீலம் பாய்ந்து இரும்புக் கதவு நிறத்துக்குப் போய்விடும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்த்து ஒரு கருமை கட்டி, அதை டைட்டானியம் வெள்ளையில் இளக்கினால், அம்பரைக் கூட்டிக் குறைத்து மூன்று சாம்பல் எடுக்கலாம். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருளும். மேட் வார்னிஷ் ஏறினால் இருட்டு நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஆகவே காயாத ஸ்பூனையும் வார்னிஷ் பூசாத ஸ்பூனையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

எந்த வெளிச்சத்தில் காட்டுகிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். லேபில் விளக்குப் பெட்டி இருக்கிறது. டி65 என்பது பகல் வெளிச்சத்துக்கு, டிஎல்84 கடை வெளிச்சத்துக்கு. ஒன்றில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணி இன்னொன்றில் வேறு வேறாக நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். பெயின்டுக்கும் அதே கதைதான். நான் செய்வது பால்கனி வெயிலில், குதிரை நிற்கப்போவது எல்இடி அலமாரியில். அதனால் மூன்று ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு அந்தப் புது வீட்டுக்கே போய், எலக்ட்ரீசியனைக் கெஞ்சி அலமாரி விளக்கைப் போட வைத்துக் காட்டினேன். வெயிலில் "பி" என்றவர் அலமாரியில் "சி" என்றார். அக்காவும் "சி" என்றார். ஸ்பூனின் அடியில் தேதி போட்டு இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

மேனி முழுவதும் முதலில் கருந்தோல் நிறம். சுட்டி, வெள்ளைக் கால், மூக்கு நுனி இவற்றில் மட்டும் இளஞ்சிவப்பு. அதன் மேல்தான் மயிர் ஏறுகிறது. வட்டங்களை வட்டமாக வரைந்தால் கோலப்புள்ளி மாதிரி ஆகிவிடும். உண்மையில் குதிரையின் மேல் இருப்பது இருட்டான ஒரு வலை, வட்டம் என்பது வலையின் கண். வெளிர் நிறத்தை நன்றாக நீர்க்கவிட்டு, மயிர் சாயும் திசையில் சின்னச் சின்னக் கீறலாக ஒவ்வொரு கண்ணையும் நடுவிலிருந்து நிரப்பி ஓரத்தில் விட்டுவிட வேண்டும். தோளில் சின்னதாகவும் வயிற்றுப் பக்கம் பெரிதாகவும் வரும், வரிசை கட்டாது. பழைய படத்தில் தெரிந்த ஏழெட்டு வட்டத்தை மட்டும் அதே இடத்தில் வைத்தேன். இடுப்பில் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை வட்டம் ஒன்று அதில் இருந்தது. மற்றவை என் ஊகம்தான், அதை முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

முழங்காலிலும் மூட்டிலும் இருட்டை மெதுவாகக் கரைக்க சாக் பேஸ்டலைச் சுரண்டிய பொடி நல்லது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வார்னிஷால் பிடித்து, மறுபடி தேய்க்கலாம். வெள்ளைப் பொடி மட்டும் வார்னிஷ் பட்டதும் காணாமல் போகும். வெள்ளைக்குப் பெயின்ட்தான்.

திருப்பூரில் இருந்துகொண்டு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பஞ்சு. எங்கள் தெருவில் இரண்டு நிட்டிங் கம்பெனி. காற்றிலேயே பஞ்சு மிதக்கும், ஈரப் பெயின்டைத் தேடி வந்து உட்காரும். ஒன்பதில் ஒரு பங்கு குதிரையில் ஒரு பஞ்சு இழை என்றால் அசல் குதிரையின் முதுகில் கயிறு கிடப்பதற்குச் சமம். ஃபேனை நிறுத்தி, தரைக்கு ஈரத்துணி போட்டு, அரை மணி விட்டு ஆரம்பிப்பேன். அடித்த கையோடு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிடுவேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது வெளியில் வைத்து அடிக்கிற எண்ணமே வேண்டாம். ஐப்பசி மழை நாளில் வார்னிஷ் அடித்தால் ஈரம் சேர்ந்து பால் படிந்த மாதிரி வெளுக்கும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கண்ணை நான் கடைசியில்தான் செய்வேன். 4 மில்லிமீட்டர் கூட வராத இடம். குதிரையின் கண்பாப்பா படுக்கைவாட்டில் நீண்டிருக்கும், நம்முடையது போல வட்டமில்லை. ஆழ்ந்த பழுப்பு, நடுவில் கருப்பு, அவ்வளவுதான். பலர் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்து "உயிர்" கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, எந்த விளக்கடியில் வைத்தாலும் புள்ளி ஒரே இடத்தில் முறைத்துக்கொண்டிருக்கும். பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு விட்டால் அலமாரி விளக்கே அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுழி விஷயம் கடைசியில் வந்தது. முக்கால்வாசி முடித்துப் படம் அனுப்பிய அன்றைக்கு அக்கா தனியாகக் கூப்பிட்டார். "புது ஊட்ல, ஹால்லயே, ஆகாத சுழிய வெச்சுக்கிட்டு... அதை மட்டும் மழுப்பிருங்களேன் அம்மணி. அவருக்குத் தெரியவா போகுது?" தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவர் முதலில் பார்க்கப்போவதே அந்த இடத்தைத்தான். வாங்குபவர் ஒன்று சொல்லி, அவர் கம்பெனியின் இன்னொருவர் வேறு சொல்லி, நடுவில் சாயம் போட்டவன் தலை உருளுவதை லேபில் நிறையப் பார்த்தவள் நான். ஒரு வேலைக்கு ஒப்புதல் தருகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இருவர் என்றால் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு ஒண்ணாச் சொல்லுங்க, அப்படியே செஞ்சர்றேன்" என்று வைத்துவிட்டேன். நானாக எந்தப் பக்கமும் சாயவில்லை.

நாலு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சுழி இருக்கும். ஆனால் திருவிழாவுக்குச் செவலைக்குக் கட்டுகிற சலங்கைப் பட்டை பொம்மைக்கும் வேண்டும், அகலமாக. பழைய கடிகார வாரை மெல்லிசாகச் சீவி, சின்ன மணி கோத்து, பின்னால் கொக்கி வைத்துச் செய்தேன். உள்பக்கம் மெல்லிய பனியன் துணி ஒட்டினேன், இல்லையென்றால் கழற்றி மாட்டும்போது பெயின்ட் உரசும். சுழியின் மேல் சரியாக உட்கார்கிறது. அண்ணன் வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

பணத்தைப் பாதி அச்செடுப்பதற்கு முன்பும், கால்பங்கு ஸ்பூன் கையெழுத்தானதும், மீதியைக் கையில் கொடுக்கும்போதும் வாங்குகிறேன். சொந்தக்காரர்களிடமும் இப்படித்தான். மணிக்கணக்கைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு விலை சொல்லத் தெரியாது. கொண்டுபோவதற்குப் பெட்டியின் அடியில் நிற்க வைக்காதீர்கள். கால்தான் முதலில் ஒடியும். வயிற்றுக்கடியில் ஸ்பாஞ்சு கொடுத்துக் காலைத் தொங்கவிட வேண்டும். நான் கூரியரில் போடவில்லை, காங்கேயம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அலமாரியில் வைத்ததும் அண்ணன் பின்னங்காலைப் பார்த்தார், இடுப்பில் இரட்டை வட்டத்தைப் பார்த்தார், பட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். மீதிப் பணத்தை எடுத்துவர உள்ளே போனார்.

போன மாதம் மறுபடி கூப்பிட்டார். செவலை குட்டி போட்டிருக்கிறது, கரும்பழுப்பு, அதையும் ஒன்று செய்து வைக்கலாமா என்று. தாய் தகப்பனில் ஒன்றாவது வெளுக்கிற ரகமாக இருந்தால்தான் குட்டி வெளுக்கும். இங்கே தாய் அப்படி, ஆனாலும் எல்லாக் குட்டியும் வெளுத்துவிடாது. கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே தொழுவத்துக்கு நடந்தார்.

"இருக்குதுங்க அம்மணி. ரெண்டு கண்ணச் சுத்தியும்."

"அப்படின்னா இப்பவே படம் எடுத்து வெச்சிருங்ணா. அட்வான்ஸும் அனுப்பிருங்க."